வார்த்தை வேண்டாம்

3 ஆகஸ்ட் 1986, ஞாயிறு

ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுவதற்குள் போதகர் பிடித்துக்கொண்டார். "தாவீது ராஜா சுரமண்டலம் வாசிச்சு சவுலோட மனச ஆத்தினாரு. உனக்கும் அதே பேருதான் வெச்சிருக்காங்க. சபைக்காக ஒரு நாள் அந்தக் கிட்டாரை எடுத்தா என்னப்பா?"

பத்து வருஷம் எடுத்தேனே! அரைச் சுருதி இறங்கிப்போன ஆர்மோனியத்தோடு, ஆளுக்கொரு வேகத்தில் இழுக்கிற தொண்டைகளோடு, இதே மண்ணூர் சபையில் பத்து வருஷம். ஒருவராவது கேட்டார்களா? நான் தனியாக வாசிக்கிற இடம் வந்தால் இருமுவார்கள், பிள்ளைக்கு மூக்கு சிந்திவிடுவார்கள். "சவுலுக்குக் காது இருந்துச்சு ஐயா" என்று வாய் வரை வந்தது. சரோஜா முழங்கையால் இடித்தாள். சிரித்துவைத்தேன்.

வீடு வரும் வரைக்கும் சரோஜா ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். பின்கதவுத் தாழ்ப்பாள் பற்றி என்று நினைக்கிறேன்.

6 ஆகஸ்ட்

இன்று லைனில் வந்த ஷாஃப்டுகளில் பாதி தேறாது. அளவு பார்க்கிற கேஜுக்குள் நுழையாததையெல்லாம் சிவப்பு மை வைத்து ஓரங்கட்டினேன். சூப்பர்வைசர் வந்து கெஞ்சினான். "தாவீது சார், ஒரு மயிரிழதான கீது. பாஸ் பண்ணி வுடுங்க சார்." மயிரிழையில்தான் உலகமே கெட்டுக்கொண்டிருக்கிறது. ரிஜெக்ட்.

மதியம் பர்சனல் ஆபீசர் ராமன் கூப்பிட்டனுப்பினார். மறைமலை நகரில் கம்பெனி தொடங்கி ஐந்து வருஷம் ஆகிறதாம், சிறப்பு மலர் போடுகிறார்களாம். "நம்ம இன்ஸ்பெக்‌ஷன்லயே ஒரு ஆர்ட்டிஸ்ட் இருக்கார்னு இப்பதான் தெரிஞ்சுது. சொந்தமா மூணு கேசட் போட்டிருக்கீங்களாமே? 'என் கலைப் பயணம்'னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. பசங்களுக்கு ஊக்கமா இருக்கணும்."

கலைப் பயணம்! நான் போகிற பயணம் தினமும் கம்பெனி பஸ்ஸில், ஒரகடம் வழியாக, ஜன்னல் கம்பியில் தலையை இடித்துக்கொண்டு. பக்கத்து சீட்டில் இருப்பவன் தோளில் தூங்கி ஜொள்ளு வடிப்பான். அதை எழுதித் தரட்டுமா?

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஏன் சொன்னேன்? அந்தக் கட்டடத்தில் இதுவரை ஒருத்தனும் அந்த மூன்று கேசட்டைப் பற்றிக் கேட்டதில்லை. அதனால்தான். வெட்கக்கேடு.

10 ஆகஸ்ட், ஞாயிறு

மலருக்கு எழுத உட்கார்ந்தால் மலருக்கு ஆகாததுதான் வருகிறது. இங்கேயே கொட்டிவிடுகிறேன்.

முதல் கேசட் 'ஆறு கம்பி', 1979. கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டுகிறவனிடம் ஒரு டேப் ரெகார்டரை இரவல் வாங்கி, இந்த அறையிலேயே கோணிப்பையெல்லாம் சுவரில் தொங்கவிட்டு எடுத்தேன். பொத்தானை அமுக்க மட்டும் சரோஜா. அப்போது கல்யாணமாகி இரண்டு மாதம். அமுக்கிவிட்டு மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருப்பாள். வெளியே காக்கை, கன்றுக்குட்டி, சைக்கிள் மணி. மூச்சை அடக்கியது அவள் ஒருத்திதான்.

பிரதி எடுத்து ஊரெல்லாம் கொடுத்தேன். சரோஜாவின் சித்தப்பா முதல் பக்கம் முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டார். நான் எதிரே நிற்கிறேன். பக்கம் முடிந்து பொத்தான் டக்கென்று எழும்பியதும் கண்ணைத் திறந்தார்.

"நல்லா கீது மாப்ள. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

இதை மலரில் போடுவார்களா?

17 ஆகஸ்ட், ஞாயிறு

இரண்டாவது 'கூட்டுரோடு', 1982. இந்தத் தடவை சொந்த ரெகார்டர், நல்ல மைக். எல்லாம் சரியாக வந்தது. கடைசி மெட்டில் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. பின்பக்கம் தகரக் கூரை. நிறுத்து என்று சைகை காட்டினேன், சரோஜா நிறுத்தவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபடி எடுக்க வேறு நாடா இல்லை. மழையோடே போய்விட்டது. ரிஜெக்ட் ஆக வேண்டிய கேசட்.

கல்யாணக் கச்சேரி பாண்டுரங்கன் ஒருவன் மட்டும் பாராட்டினான். "மழ எஃபெக்ட் சூப்பரு தலைவா. எங்க புடிச்ச?" என்றான். நாலு மாதம் மெட்டுக் கட்டியவன் நான். பேர் வாங்கியது மழை.

18 ஆகஸ்ட்

ராமன் கேட்டார்: "ஊக்கமா வருதா?" வருகிறது என்றேன்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

மூன்றாவது 'வார்த்தை வேண்டாம்', 1984. பாட்டு எங்கே, பாடுவது யார், ஹீரோ யார் என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் அந்தப் பெயரே பதில். வார்த்தை இல்லாமல் ஒன்றைக் கேட்கத் தெரியாத ஜனங்கள். கத்தரிக்காய் விற்றாலும் இவர்களுக்கு ஒலிபெருக்கியில் பாட்டாகச் சொல்ல வேண்டும்.

இதில் நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி முதல் தர நாடா வாங்கினேன். பிரதி எடுத்தவன் கேசட்டின் முதுகில் இருக்கிற இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உடைக்கப் போனான். கையைப் பிடித்துவிட்டேன். "இது லாக்கு சார். ஒடச்சாத்தான் இதுமேல வேற எதையும் ரெகார்ட் பண்ண முடியாது" என்றான். மூலை உடைந்த பீஸை வெளியே அனுப்புகிறவனா நான்? எங்கள் லைனில் அப்படி ஒன்று வந்தால் கேஜ்கூட வைக்க மாட்டேன், நேராகச் சிவப்பு மை. உடைக்காதே என்று சொல்லிவிட்டேன். என் வாசிப்பின் மேல் எவன் என்ன ரெகார்ட் பண்ணப்போகிறான்? ஒவ்வொரு கேசட்டையும் நானே திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இல்லாமல் கொண்டுவந்தேன்.

ஒரே ஓர் இடம் உண்டு. முதல் பக்கத்தின் கடைசி மெட்டு, முடிகிற தறுவாயில் விரல் வழுக்கி, சம்பந்தமில்லாத ஒரு சுரத்தில் விழுந்து எழுந்தேன். மறுபடி எடுத்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் வந்தது அவ்வளவு நன்றாக வந்திருந்தது. இன்னொரு தடவை வராது என்று கைக்குத் தெரிந்துவிட்டது. விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் நான் பாஸ் பண்ணிய ஒரே ரிஜெக்ட். இரண்டு வருஷம் ஆகிறது, ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. காது இருந்தால்தானே!

ஆனாலும் இது விற்றது. அதைத்தான் சொல்ல வந்தேன். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கண்ணப்பனின் கேசட் கடையில் ஒரு வருஷம் தூசி படிந்து கிடந்தது. அப்புறம் என்ன ஆயிற்றோ, மளமளவென்று நகர்ந்து இந்தப் பொங்கலுக்குள் தீர்ந்துவிட்டது. "இன்னும் ஸ்டாக்கு கீதா வாத்தியாரே?" என்று கண்ணப்பனே கேட்டான். எங்கோ யாரோ கேட்கிறார்கள். பேர் தெரியாது, முகம் தெரியாது, கேட்கிறார்கள். முதல் இரண்டோடு போயிருந்தால் கிட்டாரை எப்போதோ பரணில் போட்டிருப்பேன். அந்த யாரோவுக்காகத்தான் நான்காவது. தீபாவளி லீவில் எடுத்துவிட வேண்டும். மெட்டெல்லாம் தயார்.

சரோஜாவிடம் சொன்னேன். "ம்" என்றாள். அவ்வளவுதான்.

8 செப்டம்பர்

மலருக்குக் கட்டுரை கொடுத்து, அது திருத்தப்பட்டும் வந்துவிட்டது. சித்தப்பாவைக் காணோம். மழையைக் காணோம். நான் எழுதாத ஒரு வாக்கியம் இருக்கிறது: 'விடாமுயற்சியும் மேலதிகாரிகளின் ஊக்கமுமே என் வெற்றிக்குக் காரணம்.'

எந்த மேலதிகாரி? எந்த வெற்றி?

ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அதிலும் பாதிக்கு என் போட்டோ.

14 செப்டம்பர், ஞாயிறு

பாண்டுரங்கன் வீட்டுக்கே வந்தான். கம்பெனி ஆயுத பூஜைக்கு அவனுடைய கச்சேரியாம், கிட்டாருக்கு ஆள் இல்லையாம். "சும்மா பின்னால நின்னுக்கினு டஙு டஙுனு தட்டுனா போதும் தலைவா. ஒன் கம்பெனி தான, கெத்தா இருக்கும்."

டஙு டஙு. இருபது வருஷமாக விரல் தேய வாசிப்பவனுக்கு டஙு டஙு.

முடியாது என்று அனுப்பிவிட்டேன். நாயொன்று பின்கதவு வழியாக உள்ளே வந்து, அவனுக்கு வைத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போயிற்று. இன்றைக்கு நடந்த ஒரே நியாயமான காரியம்.

11 அக்டோபர்

நேற்று கம்பெனியில் பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. என் கேஜுக்கும் பொட்டு வைத்தார்கள். பொட்டு வைத்த கேஜ் அளவு காட்டுமா என்று கேட்டால் முறைக்கிறார்கள். மாலையில் பாண்டுரங்கன் கச்சேரி. சுருதியும் இல்லை, தாளமும் இல்லை, ஜிகினாச் சட்டை மட்டும் இருந்தது. கேண்டீன் ஆட்கள் வரைக்கும் எழுந்து ஆடினார்கள். சபாஷ். இவர்களுக்கு இது போதும்.

என் ஆட்கள் வேறு. என் ஆட்கள் கடைக்குத் தனியாக வந்து, கேட்டு வாங்கி, வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்கிறவர்கள்.

15 அக்டோபர்

எழுத வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

கேண்டீனில் டீ ஊற்றுகிற சந்திரம்மாள். அவள் கூடையில், டிபன் பாக்ஸ் மேலே, என் கேசட். என் சிவப்பு லேபிள். தூரத்திலிருந்தே தெரிந்தது. டீ டம்ளரோடு கிட்டே போனேன். இவளா? போன வாரம் ஜிகினாச் சட்டைக்கு ஆடியவளா? மனுஷரை எடைபோடுவதில் நான் தப்புப் பண்ணிவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். நினைத்தேன்!

"இந்தக் கேசட் உனக்குப் புடிச்சிருக்கா?" என்று கேட்டேன். குரலை மிருதுவாக வைத்துக்கொண்டு வேறு கேட்டேன், மடையன்.

"ரொம்ப நல்ல கேசட்டு இன்ஸ்பெக்டர் சார். எத்தினி வாட்டி அழிச்சி அழிச்சி பேசுனாலும் கரகரன்னே சொல்லாது."

அழிச்சி?

"எங்க வூட்டுக்காரர் மஸ்கட்டுல கீறாரு சார். எனக்கு எழுத வராதுல்ல. இதுல பேசி, ஊருக்கு வந்து போறவங்க கையில குட்த்தனுப்புவேன். அவரு பின்பக்கத்துல பேசி அனுப்புவாரு. நேத்துதான் வந்துச்சி. இன்னிக்கி வூட்ல போயி மறுபடி பேசணும்."

லேபிளில் 'வார்த்தை வேண்டாம்' என்று இருக்கிற இடத்தின் மேலேயே, பால்பாயிண்ட் பேனாவில், பிள்ளை யாரோ எழுதியிருக்கிறது: 'அப்பாவுக்கு'.

கத்திவிட்டேன். கேண்டீனே திரும்பிப் பார்த்தது. "அது நான்! அதுல வாசிச்சது நான்! நீ அழிச்சது என்னைத்தான் தெரியுமா?" என்று. டீ டம்ளர் கவிழ்ந்தது. அவள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு இன்னா பைத்தியமா புடிச்சிக்கிச்சு? ஒரு பொம்பளைகிட்ட போயி...

ஆனால் அது நான்தானே?

16 அக்டோபர்

அரை நாள் லீவ் போட்டுக் கண்ணப்பன் கடைக்குப் போனேன். மறைக்கக்கூட இல்லை அவன்.

"இன்னாத்துக்கு வாத்தியாரே கோச்சிக்கிற? ஒரு வருசம் அங்கியே குந்திக்கினு இருந்துச்சி. ஒருத்தன் வந்து காலி கேசட்டு கேட்டான், ஸ்டாக்கு இல்ல. ஒன்னுத எடுத்துக் குட்த்தேன். லாக்கு ஒடைக்கல, டேப்பு ஏ ஒன்னு. அவன் போயி ஊரையே கூட்டியாந்துட்டான். ஒனக்குக் காசு கரெக்டா குட்த்தேனா இல்லியா?"

கொடுத்தான். அதில் ஒரு குறையும் இல்லை.

அதில் என்னென்ன ரெகார்ட் பிடித்தார்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மணிமங்கலம் திருவிழா மேளம். கட்சிக் கூட்டப் பேச்சு. ஒருத்தன் அவனுடைய எருமையை விற்கும்போது நடந்த பேரத்தைச் சாட்சிக்குப் பிடித்துவைத்திருக்கிறானாம்.

என் யாரோக்கள்.

அந்த ரிச்சி தெருப் பையன் ஸ்க்ரூடிரைவரை நீட்டிக்கொண்டு நின்றது கண்ணிலேயே நிற்கிறது. மூலை உடையாத, கீறல் இல்லாத, அருமையான பீஸ். பாஸ் பண்ணி அனுப்பினேன்.

17 அக்டோபர்

சரோஜாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்."

எப்போதிலிருந்து?

"போன வருசம் எதிர் வூட்டு கிளியம்மாள் பேரனுக்குக் காது குத்தினாங்களே, அத ஒங்க கேசட்டுலதான் புடிச்சாங்க. புள்ள அழுவுற சத்தம் முடிஞ்சி ஒங்க கிட்டாரு வருது. போட்டுக் காட்டுறப்ப நான் அங்கதான இருந்தேன்."

ஏன் சொல்லவில்லை?

"சந்தோசமா இருந்தீங்க. உட்டுட்டேன்."

ஒரு வருஷமாக இந்த வீட்டில் ஒரு கோமாளி நடமாடிக்கொண்டிருந்திருக்கிறான், அது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அப்புறமும் அவள் என்னவோ சொன்னாள். நான் எழுந்து போய்விட்டேன்.

19 அக்டோபர், ஞாயிறு

கம்பிகளைத் தளர்த்திவிட்டேன். கிட்டார் பரணில். நான்காவது இல்லை.

2 நவம்பர், ஞாயிறு

தீபாவளி லீவ். மழை. தகரக் கூரையில் கொட்டுகிறது, ஊருக்கே கேட்கிற மாதிரி. நீயே வாசி.

12 நவம்பர்

மலர் வந்துவிட்டது. என் போட்டோவுக்குக் கீழே 'தாவூது' என்று அச்சாகியிருக்கிறது. ராமன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

லைனில் இப்போதெல்லாம் என்னைக் கண்டு பயப்படுகிறார்கள். முன்பைவிட இரண்டு மடங்கு சிவப்பு மை செலவாகிறது. எல்லாமே கோணல். யாருமே ஒழுங்காக எதையும் செய்வதில்லை.

22 நவம்பர்

சந்திரம்மாள் என் டேபிளுக்கு வந்தாள். அன்றைக்கு நான் கத்தியதிலிருந்து எனக்கு மட்டும் வேறு ஆளிடம் டீ கொடுத்தனுப்புவாள். இன்று அவளே வந்தாள். கையில் அந்தக் கேசட்.

"கோச்சிக்காதீங்க சார். நீங்க அன்னிக்கி சத்தம் போட்டத அவருகிட்ட சொன்னேன். அவரு ஒங்களுக்குன்னு தனியா பேசியிருக்காரு. இந்தப் பக்கம், மொதல்லியே வருது. கேட்டுட்டுக் குடுத்துடுங்க சார், எனக்கு அது வேணும்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாங்கிக்கொண்டேன்.

23 நவம்பர், ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. ரெகார்டரைத் துடைத்துப் போட்டுக் கேட்டேன். சரோஜாவும் முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். அவர் சொன்னதை ஞாபகம் இருக்கிறவரை அப்படியே எழுதுகிறேன்.

"வணக்கம் சார். நான் தாண்டவராயன் பேசறேன், சந்திரம்மா வூட்டுக்காரன். நீங்க ரொம்பக் கோவமா இருக்கீங்கன்னு சொன்னா. தப்புதான் சார், மன்னிச்சிக்கோங்க. தெரியாது. இங்க கட்டட வேலைக்காரங்க ரூம்ல எல்லாருக்கும் வூட்லருந்து கேசட்டு வரும். அவுங்க கேசட்டுல எல்லாம் வூட்டுக்காரம்மா 'சரிங்க, ஒடம்பப் பாத்துக்கோங்க'ன்னு சொன்ன ஒடனே டக்குனு நின்னு போயிடும். உஸ்ஸுனு வெறும் டேப்பு ஓடும். அப்ப ரூமே ஒரு மாதிரி ஆயிடும் சார். யாரும் யாரு மூஞ்சியும் பாக்க மாட்டோம். என் கேசட்டுல மட்டும் இவ பேசி முடிச்சதும் ஒங்க வாசிப்பு வரும். இவ இன்னும் எழுந்து போவல, அங்கியே குந்திக்கினு கீறான்ற மாதிரி. அத நாங்க மிச்சம்னு சொல்லுவோம். 'மிச்சத்தப் போடுப்பா'ம்பானுங்க. அவனவன் கேசட்ட கேட்டு முடிச்சிட்டு, என் கேசட்டுக்கு வந்துடுவான்."

அப்புறம் சிரித்தார். இருமல் கலந்த சிரிப்பு.

"கடைசில ஒரு எடத்துல தடுக்கி வுழுந்து எழுந்துக்கிறீங்க பாருங்க சார். அந்த எடம் வந்தா எங்க ரூம்ல ஒரு மலையாளத்துக்காரன், 'வீணு, வீணு'ன்னு கத்துவான். வுழுந்துட்டான்னு அர்த்தம். எல்லாரும் சிரிப்போம். அப்பறந்தான் படுக்கப் போவோம். இவ வேற வரவர பேச்ச நீட்டிக்கினே போறா, மிச்சம் கொறஞ்சிக்கினே வருது. கொறச்சிப் பேசுன்னு சொல்லவும் மனசு வரல. ஒங்ககிட்ட புதுசு இருந்தா ஒன்னு குடுங்க சார். ஆனா அந்தத் தடுக்கறத மட்டும் எடுத்துடாதீங்க."

நிறுத்தினேன். சரோஜா என்னைப் பார்க்கவில்லை, முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேசட்டைத் திருப்பிப் போட்டேன். சந்திரம்மாள் ஆட்டுக்குட்டி, பள்ளிக்கூடம், மாமியார் கால்வலி என்று போய்க்கொண்டே இருந்தாள். அவ்வளவையும் கேட்டேன், முடிவு வரைக்கும். கடைசியில் நான் கேண்டீனில் கத்திய கதை. அதை மட்டும் இழுத்து இழுத்துச் சொல்கிறாள். என்னைத் திட்டித் திட்டியே என் வாசிப்பில் இன்னொரு துண்டை அழித்திருக்கிறாள். "சரிங்க, ஒடம்பப் பாத்துக்கோங்க" என்றாள். டக்.

அப்புறம் நான் வந்தேன். இருந்ததே கொஞ்சந்தான். விழுந்தேன். எழுந்தேன். முடிந்தது.

கண்டுபிடித்துவிட்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், மண்ணும் சிமெண்டும் கரண்டியுமாக வேலை செய்கிற ஆட்கள், தினம் தினம் கேட்டுக் கண்டுபிடித்து, வேண்டும் என்கிறார்கள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. சந்தோஷம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. சந்தோஷம்தான்.

7 டிசம்பர், ஞாயிறு

பரணிலிருந்து இறக்கிப் புதுக் கம்பி போட்டேன். சந்திரம்மாளுக்கு மட்டும் ஒரு கேசட் எடுத்துக் கொடுப்போம் என்றுதான். அந்தக் கடைசி மெட்டை வாசித்தேன். வழுக்கவில்லை. வேண்டுமென்றே வழுக்கப் பார்த்தேன். விரல் சமர்த்தாகச் சரியான சுரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மறுபடி, மறுபடி. சனியன் பிடித்த விரல். மத்தியானம் வரைக்கும் தப்பாக வாசிக்கப் பழகினேன். தப்பு, தப்பாகத்தான் வருகிறது, தடுக்கலாக வரவில்லை.

சரோஜா சமையற்கட்டிலிருந்து சிரித்தாள். நெடுநாளைக்குப் பிறகு.

14 டிசம்பர், ஞாயிறு

ஒன்று தோன்றியிருக்கிறது. முட்டாள்தனமான யோசனை. ராமனுடைய மலரில்கூட வராத அளவு முட்டாள்தனம். நாளைக்கும் இதே மாதிரி தோன்றினால் பார்க்கலாம்.

15 டிசம்பர்

தோன்றுகிறது.

18 ஜனவரி 1987, ஞாயிறு

பொங்கல் லீவில் நான்காவதை முடித்துவிட்டேன். பொத்தானை வழக்கம்போல் சரோஜா அமுக்கினாள். புது மெட்டு ஒன்றில், நான் எதிர்பார்க்காத இடத்தில், தானாகவே வழுக்கிற்று. மறுபடி எடுக்கவில்லை. மலையாளத்தான் கண்டுபிடிக்கட்டும்.

பிரதிகளைக் கொண்டுபோய்க் கண்ணப்பனிடம் கொடுத்தேன். கடையிலேயே போட்டுப் பார்த்தான். ஓடிற்று, ஓடிற்று, ஒன்றும் வரவில்லை. ஒலியைக் கூட்டினான். காதை வைத்துக் கேட்டான். திருப்பிப் போட்டான். அந்தப் பக்கமும் அப்படியே.

"இன்னா வாத்தியாரே, பாதி கேசட்டு காலியா கீது? டிஃபெக்ட்டா?"

"பாதி காலி, பாதி கிட்டார். ரெண்டு பக்கமும் அப்படித்தான். முன்னாடி அவங்க பேசிக்கட்டும்."

என்னை ஒரு மாதிரி பார்த்தான். பேர் என்ன போடுவது என்றான். 'மிச்சம்' என்றேன். ஏதோ நினைத்துக்கொண்டவன் போல ஸ்க்ரூடிரைவரை எடுத்து, "இந்த வாட்டி லாக்க ஒடச்சிடட்டா?" என்று கேட்டான்.

உடைக்காதே என்றேன்.

பேசத் தொடங்கினால் இந்த ஜனங்கள் பாதியில் நிறுத்தவா போகிறார்கள்? காலி இடத்தைத் தாண்டித்தான் பேசுவார்கள். எருமை பேரம் பேசுகிறவன் முழுக் கேசட்டையும் தின்றுவிடுவான். தெரியும்.

19 ஜனவரி

சந்திரம்மாளுக்கு ஒன்று கொடுத்தேன். டீக்குக் கூடுதலாகச் சர்க்கரை போட்டுவிட்டாள். குடிக்க முடியவில்லை. குடித்தேன்.

25 ஜனவரி, ஞாயிறு

சரோஜா பிரதிகளில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். யாருக்குப் பேசப்போகிறாய், நமக்கு மஸ்கட்டில் யார் இருக்கிறார்கள் என்று போன வாரம் கிண்டல் பண்ணினேன்.

"ஒங்களுக்குத்தான். நேர்ல சொன்னா எங்க காது குடுக்குறீங்க?"

இன்று நான் மட்டும் ஆராதனைக்குப் போய், சபையில் வாசித்துவிட்டு வந்தேன். ஆர்மோனியம் இன்னும் அரைச் சுருதி கீழேதான். திரும்பி வந்தால் கேசட் ரெகார்டருக்குள் இருக்கிறது, அவள் கிணற்றடியில். போட்டேன்.

தொண்டையைச் செருமினாள். பின்கதவுத் தாழ்ப்பாளை ஆடி மாசத்திலிருந்து சொல்கிறாளாம். நாய் வருகிறதாம். கம்பெனியில் மயிரிழை பார்க்கிறவருக்கு வீட்டில் விரற்கடை இடைவெளி தெரியவில்லையாம். அவளுடைய தங்கை வீட்டுக்குப் போய்ப் பல நாளாயிற்றாம். அப்புறம் வாளி வைக்கிற சத்தம் கேட்டது.

"எல்லாரும் கேட்டாங்களா கேட்டாங்களான்னு ஊரெல்லாம் திட்டுறீங்க. பொத்தான அமுக்கிட்டு ஒக்காந்திருக்கிறவ கேக்குறாளான்னு ஒரு நாளும் கேட்டதில்ல. எனக்கு ரெண்டாவது கேசட்டுதான் புடிக்கும். அந்த மழையில வர்றது. நீங்க நிறுத்தச் சொன்னீங்க, எனக்கு நிறுத்த மனசு வரல. சரிங்க. வெச்சிடறேன்."

டக் என்றது. கொஞ்சம் வெறும் நாடா ஓடிற்று. பிறகு என் கிட்டார் ஆரம்பித்தது.

அதை நிறுத்திவிட்டு, நாடாவைச் சுற்றி, அவள் பேசியதை மறுபடி முதலிலிருந்து போட்டேன்.